கடைக்கண்ணுக்கு எவ்வளவு தெரியும்? வீட்டு மேசையில் அளந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பிரெட்றிக் கோட்டை வாசலைத் தாண்டிக் கோணேசர் கோவிலுக்குப் போகிற வழியில், மரநிழலில் புள்ளிமான்கள் நிற்கும். திருகோணமலைக்காரருக்கு அது புதினமில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அக்காவின் மகனை மோட்டார்சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன். "மாமா, மான்!" என்றான். எங்கே என்று கேட்டேன். "அந்தா, இடப்பக்கம். இப்பதான் காதை ஆட்டினது." நிறுத்திப் பார்த்தால், வீதியிலிருந்து பத்தடி தள்ளி ஒரு பெரிய கலைமான் நின்றது. நாங்கள் வரும்போதும் அது அங்கேதான் நின்றிருக்க வேண்டும். அதன் முழு உடம்பும் எங்கள் கடைக்கண்ணில் விழுந்துகொண்டுதான் இருந்தது. மான் என்று மட்டும் தெரியவில்லை. ஒரு காது அசைந்ததும் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தும் அவன் விடவில்லை. "அப்ப நேரே பாக்கிறதை விட, அசையிறதைக் கடைக்கண்தானே நல்லாக் காணும்?" பலரும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அடுத்த இரண்டு சனிக்கிழமையும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அளந்து பார்த்தோம். விடை நான் நினைத்தது போல இருக்கவில்லை. நாங்கள் செய்ததை அப்படியே தருகிறேன். சாதாரண தரம் படிக்கிற பிள்ளை ஒருவர் துணைக்கு இருந்தால் போதும், ஒரு பகலில் செய்து முடிக்கலாம்.

மேசையைத் தயார் செய்தல்

தேவையானவை: ஒரு நூல், வெண்கட்டி, தையற்காரரின் அளவுநாடா, வெள்ளை மட்டை, கறுப்பு மார்க்கர், 30 சென்ரிமீற்றர் அடிமட்டம் இரண்டு, ஒரு வெற்றுப் போத்தல், சோடா மூடி ஒன்று, தாயக்கட்டை, கொப்பி.

நூலை 57 சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெட்டுங்கள். இந்த எண்ணுக்குக் காரணம் உண்டு. ஆரை 57.3 சென்ரிமீற்றர் உள்ள வட்டத்தில், ஒரு பாகைக் கோணத்துக்குரிய வில்லின் நீளம் சரியாக 1 சென்ரிமீற்றர். அதாவது, கண்ணிலிருந்து அந்தத் தூரத்தில் அளவுநாடாவில் படிக்கிற ஒவ்வொரு சென்ரிமீற்றரும் ஒரு பாகை. பாகைமானி தேவையே இல்லை.

மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றி, நாடியைக் கையில் தாங்கி உட்காருங்கள். வலக் கண்ணுக்கு நேர் கீழே விளிம்பில் ஒரு புள்ளி போட்டு, நூலின் ஒரு முனையைத் துணையாளர் அங்கே அழுத்திப் பிடிக்கட்டும். மறு முனையில் வெண்கட்டியைக் கட்டி, நேர் முன்னாலிருந்து வலப்பக்கமாக ஒரு வில் வரையுங்கள். அதன்மேல் அளவுநாடாவை வளைத்து வைத்து 10, 20, 30, 40 எனக் குறியிடுங்கள். பூச்சியக் குறியில் போத்தலை வைத்து, கண் உயரத்தில் ஒரு கறுப்புப் பொட்டை ஒட்டுங்கள். சோதனை முடியும்வரை உங்கள் பார்வை அந்தப் பொட்டிலேயே இருக்க வேண்டும். இடக் கண்ணை உள்ளங்கையால் மூடுங்கள். கண்ணை அழுத்த வேண்டாம். கண்ணாடி போடுபவர்கள் போட்டுக்கொண்டே செய்யலாம், ஆனால் சட்டத்தின் விளிம்புக்கு வெளியே வரும் அளவுகளைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

அடுத்தது எழுத்து. கண் வைத்தியசாலையில் திசை மாற்றி மாற்றிக் காட்டும் குறிக்குப் பதிலாக, நமக்குக் கையருகே இருக்கிறது 'ப'. கோடு கோடாகச் சதுரமாக எழுதினால் ஒரு பக்கம் மட்டும் திறந்த பெட்டி. திருப்பினால் வாய் மேலே, கீழே, இடம், வலம் என நான்கு திசை. உயரம் 2, 4, 6, 9, 12, 15, 20 மில்லிமீற்றர் என ஏழு மட்டைகளில் எழுதுங்கள். துணையாளர் மட்டையை அடிமட்டத்தின் நுனியில் செருகி, கண் உயரத்துக்குத் தூக்கிக் காட்ட வேண்டும்.

மேசை சரியா என்று பார்க்க ஒரு குறுக்கு வழி உண்டு. அடிமட்டத்தின் நுனியில் சோடா மூடியை ஒட்டி, 10 பாகையிலிருந்து மெல்ல வலப்பக்கம் நகர்த்தச் சொல்லுங்கள். 15 பாகைக்கு அருகில் மூடி காணாமற்போகும், 20க்கு வரமுன் திரும்ப வரும். அதுதான் பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் குருட்டிடம்; பிரான்சில் மரியொட் 1660இல் கண்டுபிடித்தது. மூடி மறையவில்லை என்றால் கண் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று அர்த்தம். இருக்கையைச் சரிசெய்துகொள்ளுங்கள். இனி எந்தச் சோதனையையும் 12 முதல் 18 பாகைக்குள் வைக்க வேண்டாம்.

அசையாததைப் பார்த்தல்

துணையாளர் தாயக்கட்டையை உருட்டி, விழுந்த எண்ணுக்கேற்ப 'ப'வின் வாயைத் திருப்பட்டும். ஐந்தும் ஆறும் விழுந்தால் மறுபடி உருட்ட வேண்டும். 10 பாகையில் மட்டையைக் காட்டி, வாய் எந்தப் பக்கம் என்று கேட்கட்டும். பத்துத் தடவையில் எட்டுச் சரியென்றால் அந்த அளவு தெரிகிறது என்று கொப்பியில் எழுதுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே நாலில் ஒன்று சரிவரும் என்பதால் இந்தக் கண்டிப்பு.

உண்மையான சிக்கல் நம் கண்தான். ஏதாவது தோன்றினால் ஐந்தில் ஒரு செக்கனுக்குள் கண் அந்தப் பக்கம் ஓடிவிடும். ஓடியது நமக்கே தெரியாது. 1857இல் ஜெர்மனியில் அவுபெர்ட், ஃபோர்ஸ்டர் என்ற இருவர் இதே அளவையைச் செய்தபோது, இருட்டறையில் எழுத்துகள் அச்சிட்ட பெரிய தாளை மின்பொறியின் ஒளியில் மட்டும் காட்டினார்கள். பொறி அணைந்த பிறகே கண் நகர முடியும். எனக்கு அந்தச் சாமர்த்தியமெல்லாம் இல்லை. மருமகன் மட்டையைத் தூக்கும்போது என் கருவிழியையே பார்த்துக்கொண்டிருந்தான், அசைந்தால் அந்தத் தடவையை அடித்துவிட்டான். முதல் பத்தில் நான்கை அடித்தான்.

எங்கள் கணக்கு இப்படி வந்தது. நேரே பார்த்தால் 2 மில்லிமீற்றர் 'ப' சுலபம். நல்ல கண் என்றால் இந்தத் தூரத்தில் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த எழுத்தே தெரியும். 10 பாகையில் 6 மில்லிமீற்றர் வேண்டியிருந்தது, 20இல் 9, 30இல் 15. ஸ்ருவர்ட் அன்ஸ்ரிஸ் என்ற பார்வை ஆய்வாளர் 1974இல் வெளியிட்ட அளவுகளும் இதற்கு அருகில்தான்: நடுவை விட்டு விலகும் ஒவ்வொரு பாகைக்கும் எழுத்து ஏறத்தாழ 0.046 பாகை வளர வேண்டும். நம் மேசையில் அது அரை மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. சின்ன எண்தான். ஆனால் 30 பாகையில் எழுத்து பதினைந்து மடங்குக்கு மேல் பெருத்துவிடுகிறது. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகத்தின் அகலம் கிட்டத்தட்ட 2 பாகை. ஊரையே கூர்மையாகப் பார்க்கிறோம் என்று நாம் நினைப்பதெல்லாம், அந்த நகத்தளவு சன்னலைச் செக்கனுக்கு இரண்டு மூன்று தடவை அங்குமிங்கும் நகர்த்திச் சேர்த்த படம்.

இதோடு நிறுத்திவிட வேண்டாம். 20 பாகையில் தெளிவாகத் தெரிந்த அதே 'ப'வை எடுத்து, அதன் இரு பக்கமும் ஒரு சென்ரிமீற்றர் தள்ளி 'க' ஒன்று, 'ம' ஒன்று எழுதிக் காட்டுங்கள். எழுத்து அதே எழுத்து, அளவும் அதே அளவு, ஆனால் வாய் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடக்கும். மங்கலாக இருப்பது போலவும் இராது, கறுப்புக் கறுப்பாகக் கோடுகள் தெரியும். எது எதனுடையது என்றுதான் பிடிபடாது. நெதர்லாந்தின் பௌமா 1970இல் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்: பக்கத்து எழுத்து, நடுவிலிருந்துள்ள தூரத்தில் ஏறத்தாழப் பாதிக்குள் வந்தால் குழப்பும். 20 பாகையில் அது 10 சென்ரிமீற்றர். பஸ் நிலையத்தில் ஓரக்கண்ணால் பார்க்கையில் 'மூதூர்' போர்டும் 'கிண்ணியா' போர்டும் ஒன்று போலவே தெரிவதற்கு, எழுத்தின் அளவை விட இந்த நெரிசல்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். எனக்கு இந்தச் சோதனை முழுவதிலும் மிகப் பிடித்த இடம் இதுதான்.

அசைவதைப் பார்த்தல்

இப்போது மான் கேள்விக்கு வருவோம். 30 பாகையில் 6 மில்லிமீற்றர் 'ப'வை வையுங்கள். அது வாசிக்கவே முடியாத அளவு என்று மேலே பார்த்தோம். அடிமட்டத்தைப் பின்னால் இன்னொரு அடிமட்டத்தின்மேல் சாய்த்துப் பிடித்து, துணையாளர் சத்தம் போடாமல் சட்டென்று 5 மில்லிமீற்றர் நகர்த்தட்டும். பிறகு 3, பிறகு 2. சில தடவை நகர்த்தாமலும் விட வேண்டும்; இல்லாவிட்டால் எப்போதும் "ஓம், அசைஞ்சது" என்றே வாயில் வரும்.

நான் துணையாளராக இருந்தபோது மருமகன் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: "மாமா, அசையுது. ஆனா என்னெண்டு சொல்லத் தெரியேல்ல." 2 மில்லிமீற்றர் அசைவு அவனுக்கு ஒவ்வொரு தடவையும் தெரிந்தது. அதே இடத்தில், அதே கண்ணால், ஓர் எழுத்தை அறிய 15 மில்லிமீற்றர் வேண்டியிருந்தது. வியன்னாவின் சிக்மண்ட் எக்ஸ்னர் 1875இலேயே இதைக் கண்டிருந்தார்: கடைக்கண்ணில் இரண்டாகப் பிரித்தறிய முடியாத அளவு நெருங்கிய இரண்டு மின்பொறிகளை ஒன்றன்பின் ஒன்றாக மின்னவிட்டால், பொறி நகர்ந்தது என்று மட்டும் தெரிந்துவிடும்.

சரி, அப்படியென்றால் மருமகன் சொன்னது சரிதானா? மட்டையைப் பூச்சியக் குறிக்குக் கொண்டுவந்து நேரே பார்த்துக்கொண்டு அதே சோதனையைச் செய்யுங்கள். அரை மில்லிமீற்றர் அசைவுகூடப் பளிச்சென்று தெரியும். அதற்குக் கீழே கையால் நகர்த்தி அளக்க எங்களால் முடியவில்லை. ஆக, மெல்லிய அசைவைக் காண்பதிலும் நேர்ப்பார்வையே வெல்கிறது. கடைக்கண் அசைவைக் காண்பதில் கெட்டிக்காரி என்று தோன்றுவது, வடிவத்தை அறிவதில் அது அவ்வளவு பலவீனமாக இருப்பதால். எழுத்து போய்விடுகிறது, அசைவு மிஞ்சி நிற்கிறது. மிஞ்சி நிற்பதே பெரிதாகத் தெரிகிறது. வேகமாகப் போகும் இரண்டில் எது கூடுதல் வேகம் என்று சொல்வதில் மட்டும் கடைக்கண் அதிகம் பின்தங்குவதில்லை. 1984இல் மக்கீ, நாகயாமா இருவரும் 40 பாகை வரை போய் அதை அளந்து காட்டினார்கள்.

அசைவு என்றால் எல்லா அசைவும் ஒன்றில்லை. இம்முறை மட்டையை ஒரு நிமிடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் என்ற கணக்கில், கடிகாரத்தின் பெரிய முள் போல நகர்த்தச் சொல்லுங்கள். 30 பாகையில் எனக்கு அது நகர்ந்ததே தெரியவில்லை. முடிவில் திரும்பிப் பார்த்தபோதுதான் இடம் மாறியிருந்தது. சுவரில் பல்லி ஊர்வது தெரியாமல், பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும்போது மட்டும் நமக்குத் தூக்கிவாரிப் போடுவது இதனால்தான்.

அசையாதது மறைந்தே போகலாம் என்பதையும் பார்த்துவிடுங்கள். வெள்ளைத் தாளில் சாயத்தண்ணியால் ஒரு ரூபாய் அகலத்துக்கு மெல்லிய கறை ஒன்று வைத்து, காய்ந்ததும் 20 பாகையில் நிறுத்துங்கள். இமைக்காமல், அசையாமல் போத்தல் பொட்டைப் பாருங்கள். பத்து இருபது செக்கனில் கறை கரைந்து தாள் வெறுமையாகிவிடும். துணையாளர் தாளை ஒரு சுண்டு சுண்டினால் உடனே திரும்பி வரும். சுவிஸ் மருத்துவர் ட்ரொக்ஸ்லர் 1804இல் எழுதிவைத்தது இது. மாறாத எதையும் நரம்புகள் கொஞ்ச நேரத்தில் கைவிட்டுவிடுகின்றன.

ஏன் இப்படி

விழித்திரையில் பகல் வெளிச்சத்துக்கான கூம்புக் கலங்கள் ஏறத்தாழ 60 இலட்சம், மங்கிய ஒளிக்கான கோல் கலங்கள் 10 கோடி அளவில். ஆனால் மூளைக்குப் போகிற நரம்பு நார்கள் ஒரு கண்ணுக்கு ஏறத்தாழ 10 இலட்சம்தான். நடுவில் கூம்புகள் நெருக்கமாக அடுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித் தொலைபேசி இணைப்புப் போல ஒரு வழி இருக்கிறது. ஓரத்தில் ஏராளம் கலங்கள் ஒரே நாரைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. யார் பேசியது என்று மறுமுனையில் தெரியாது, யாரோ பேசினார்கள் என்று மட்டும் தெரியும். மூளையின் பின்பகுதியிலும் நடுப்பார்வைக்கே மிகப் பெரிய இடம். முதலாம் உலகப்போரில் மூளையின் அந்தப் பகுதியில் காயப்பட்ட வீரர்களைச் சோதித்த ஜோர்ஜ் ரிடொக், சிலர் குருடான பக்கத்தில் நிற்பது எதையும் காணாமல், அசைவதை மட்டும் உணர்ந்ததை 1917இல் எழுதினார். வடிவமும் அசைவும் முழுக்க ஒரே வழியால் போவதில்லை.

கடைக்கண் நேர்ப்பார்வையை உண்மையாகவே வெல்லும் இடங்களும் உண்டு. ஒன்று, துடிக்கும் வெளிச்சம். பழைய ரியூப் லைட்டின் ஓரங்கள் செக்கனுக்கு 50 தடவை துடிப்பது ஓரக்கண்ணில் உறுத்தும், திரும்பிப் பார்த்தால் நின்றுவிடும். மற்றது இருட்டு. பார்வையின் நட்ட நடுவில் கோல் கலங்களே இல்லை. அவை மிக நெருங்கியிருப்பது 20 பாகைக்கு அருகில். நிலாவெளிப் பக்கம் விளக்கில்லாத கடற்கரையில் அரை மணித்தியாலம் கண்ணைப் பழகவிட்டு, மிக மங்கலான ஒரு நட்சத்திரத்தைக் குறிவைத்துப் பாருங்கள். நேரே பார்த்தால் ஒளிந்துகொள்ளும். பார்வையைச் சற்று விலக்கினால் வரும்.

வீதியிலும் கடலிலும்

இதை எழுதத் தூண்டிய இன்னொரு விஷயமும் உண்டு. சில வருடங்களுக்கு முன், உப்புவெளிப் பக்கம் ஒரு நாற்சந்தியில், இடப்பக்கம் இருந்து வந்த மோட்டார்சைக்கிளோடு மோதப் பார்த்தேன். வெட்டவெளி, பட்டப்பகல், மறைப்பு எதுவும் இல்லை. இரண்டு பேரும் பிரேக் பிடித்து, சில்லுகள் ஒரு முழம் இடைவெளியில் நின்றன. "கண் தெரியாதா?" என்று அவரும் கேட்டார், நானும் கேட்டேன். மேசையில் அளந்த பிறகுதான் விளங்கியது. இரண்டு வண்டிகள் மாறாத வேகத்தில் ஒரே புள்ளியை நோக்கி வந்தால், மற்ற வண்டி நம் பார்வையில் ஒரே கோணத்திலேயே நிற்கும். 40 பாகையில் இருந்தால் கடைசிவரை 40 பாகைதான். மெல்லப் பெருக்கும், ஆனால் நகராது. கடைக்கண்ணுக்கு அது மரநிழலில் நின்ற மான் போலத்தான். நம்மோடு மோதாமல் விலகிப் போகிற வண்டிதான் பார்வையில் ஓடித் தன்னைக் காட்டிக்கொள்கிறது.

கடற்தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழைய பாடம். கொட்டியாரக் குடாவில் வள்ளம் ஓட்டும்போது, தூரத்து வள்ளத்தை நம் வள்ளத்தின் ஏதாவது ஒரு கம்போடு பொருத்திப் பார்க்க வேண்டும். அது கம்பைவிட்டு முன்னாலோ பின்னாலோ வழுகினால் பயமில்லை. வழுகாமல் பெருத்துக்கொண்டே வந்தால் திருப்ப வேண்டும். கப்பல்கள் மோதாதிருக்க 1972இல் வகுத்த சர்வதேச விதிகளின் ஏழாம் விதியும் இதையே சொல்கிறது: நெருங்கும் கப்பல் நமக்குத் தெரியும் திசை குறிப்பிடத்தக்க அளவு மாறாவிட்டால் மோதல் அபாயம் உண்டு.

வீதியில் செய்ய வேண்டியது மூன்று. சந்திக்கு முன் தலையையே திருப்பி இரு பக்கமும் நேரே பாருங்கள், ஓரக்கண்ணால் முடித்துக்கொள்ளாதீர்கள். ஒரு பக்கம் பார்த்துவிட்டு மறுபடியும் பாருங்கள், ஏனென்றால் கண் தாவும் நேரத்தில் இடையிலுள்ளது பதிவதில்லை. வேகத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள். அப்போது மற்ற வண்டியின் கோணம் உடைந்து அது பார்வையில் நகரத் தொடங்கும். கார், ஓட்டோ ஓட்டுபவர்கள் உடம்பை முன்னும் பின்னும் சற்று அசைத்தால் முன்கண்ணாடியின் ஓரக் கம்பிக்குப் பின்னால் ஒளிந்திருப்பதும் வெளியே வரும்.

ஓரம் குறைகிறதா என்று பார்க்க

இந்த மேசை நோயைக் கண்டுபிடிக்காது. ஆனால் அம்மா அப்பாவை உட்காரவைத்து இரண்டு கண்ணையும் தனித்தனியே சோதித்தால், ஒரு கண்ணில் மட்டும் ஓரம் வெகுவாகக் குறைந்திருப்பது சில வேளை தெரியவரும். கிளோக்கோமா என்ற நோய் ஓரப்பார்வையைச் சத்தமில்லாமல் அரிக்கும். போன இடம் கறுப்பாகத் தெரியாது, மூளை அதை நிரப்பிவிடும். மற்றக் கண்ணும் ஈடுகட்டும். பெற்றோர், சகோதரர் யாருக்காவது அது இருந்தால், 40 வயதுக்குப் பிறகு ஒழுங்காகக் கண்ணைக் காட்டுங்கள். திடீரென்று பூச்சி பறப்பது போல நிறையப் புள்ளிகள், ஓரத்தில் மின்னல் வெட்டுகள், திரை விழுவது போன்ற நிழல் என்றால் நாள் பார்க்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். விழித்திரை கழன்றுகொண்டிருக்கலாம்.

வைத்தியசாலையிலும் கேட்பது நம் இரண்டு கேள்விகளைத்தான். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, நடுப்பொட்டைப் பார்த்துக்கொண்டு, எங்காவது வெளிச்சம் தெரிந்தால் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். ஒரு முறையில் வெளிச்சம் ஒரே இடத்தில் தோன்றி மறையும். கோல்ட்மன் 1945இல் உருவாக்கிய முறையில் வெளியிலிருந்து உள்ளே நகர்ந்து வரும். நகர்ந்து வரும் வெளிச்சம், நின்று மின்னுவதை விட இன்னும் ஓரத்திலேயே பிடிபடுவது வழக்கம். இடையில் பார்வை நழுவினால் சொல்லிவிடுங்கள், திரும்பச் செய்வார்கள். கண்மணியை விரிக்க மருந்து விட்டால் சில மணித்தியாலம் கிட்டப்பார்வை மங்கும், வெயில் கூசும். ஆகவே துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போங்கள். நீங்களே மோட்டார்சைக்கிளை ஓட்டிக்கொண்டு திரும்ப முடியாது.